பகிஷ்காரம்: யார் கையில், யார் மேல்?

பகிஷ்காரம் என்ற சொல் மேடையில் ஒலிக்கும்போது ஒரு வீராப்பு இருக்கிறது. அதே சங்கதியைச் சேரியில் போய்ப் பேசிப் பாருங்கள், வயசாளிகளின் முகம் சுண்டிப்போகும். அங்கே அதற்கு ஊர்க் கட்டுப்பாடு என்று பேர். கடையில் உப்பு, புளி கிடையாது. மாவு மில்லில் அரைக்க விட மாட்டான். காட்டு வேலைக்குக் கூப்பிட மாட்டான். ஊர்ப் பொறம்போக்கில் ஆடு மேயக் கூடாது. கூலி கூடக் கேட்டாலும் இதுதான், தேர்தலில் நின்றாலும் இதுதான், பொண்ணும் பையனும் விரும்பிக் கட்டிக்கிட்டாலும் இதுதான்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. காசா மீதான போரைக் கண்டித்து இன்னின்ன கம்பெனிகளின் சரக்கை வாங்காதீர்கள் என்று ஒரு பட்டியலை இதழில் அச்சிடச் சொல்லி நண்பர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். இன்னும் சில தோழர்கள் அதை மறுத்து, 'நம்ம தெருவுக்கே தண்ணி வரல, இதுல எங்கயோ நடக்குற சண்டைக்கு நம்ம என்ன பண்றது?' என்கிறார்கள். இரண்டு பேச்சையும் தட்டிவிட முடியாது. ஆனால் இரண்டிலும் ஒரு கேள்வி விடுபட்டுப் போகிறது. பகிஷ்காரம் என்கிற ஆயுதம் யார் கையிலிருந்து யார் மேல் பாய்கிறது என்பதுதான் அது.

அந்த ஆங்கிலச் சொல் பிறந்த கதையைப் பார்ப்போம். 1880இல் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் ஒரு பெரும் நிலப்பிரபுவின் காரியக்காரராக இருந்தவர் கேப்டன் பாய்காட். வாரம் குறைக்கச் சொல்லிக் கேட்ட குத்தகைக்காரர்களை நிலத்தை விட்டு விரட்டப் பார்த்தார். நிலச் சங்கத்தின் பின்னால் ஜனங்கள் திரண்டார்கள். அவர் வயலில் யாரும் இறங்கவில்லை, கடைக்காரர் சாமான் கொடுக்கவில்லை. அறுப்புக்கு வெளியூரிலிருந்து சுமார் 50 ஆட்களைக் கொண்டுவந்து, பட்டாளத்தைக் காவலுக்கு நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த வருஷம் முடிவதற்குள் அவர் ஊரை விட்டே போனார். அங்கே உழைக்கிறவன் உடைமைக்காரனைத் தள்ளி வைத்தான். அவன் பேரே சொல்லாகிப் போனது.

நம் நாட்டில் இந்தச் சொல் வருவதற்கு முன்னாலேயே காரியம் நடந்து கொண்டிருந்தது, தலைகீழாக. நிலமும் கடையும் கிணறும் வைத்திருக்கிறவன் ஒன்றுமில்லாதவனைத் தள்ளி வைத்தான். டாக்டர் அம்பேத்கர் இதைச் சரியாகப் பிடித்தார். 1924இல் அவர் தொடங்கிய சபைக்குப் 'பகிஷ்கிருத ஹிதகாரிணி சபா' என்று பேர். 1927இல் தொடங்கிய பத்திரிகை 'பகிஷ்கிருத பாரத்'. தள்ளி வைக்கப்பட்டவர்கள் என்பதையே ஜனங்களின் பேராக்கினார். பம்பாய் அரசு 1928இல் அமைத்த ஸ்டார்ட் குழுவில் அவர் உறுப்பினர். உரிமை கேட்கும் தீண்டப்படாத மக்களை ஒடுக்க ஆதிக்க சாதிகளிடம் உள்ள மிகக் கொடிய ஆயுதம் சமூகப் பகிஷ்காரம் என்று அந்தக் குழு 1930இல் பதிவு செய்தது. பர்மாவில் 1922இல் வந்த பகிஷ்கார எதிர்ப்புச் சட்டத்தை முன்மாதிரியாகக் காட்டி, இங்கேயும் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கச் சொல்லி வட்டமேசை மாநாட்டில் வாதாடினார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 'சமூக, பொருளாதாரப் பகிஷ்காரம்' என்று பேர் சொல்லி அது ஏறியது 2015 திருத்தத்தில்தான். நடுவில் எண்பது வருஷத்துக்கு மேல் ஓடிப்போயிற்று.

சட்டம் வந்து ஏழு வருஷம் கழித்து, 2022 செப்டம்பரில், தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் தின்பண்டம் வாங்கப் போன நம் குழந்தைகளிடம், 'ஊர்ல கட்டுப்பாடு, தர மாட்டாங்க, வீட்டுல போய்ச் சொல்லுங்க' என்று சொல்லிக் கடைக்காரர் திருப்பி அனுப்பிய படத்தைத் தமிழ்நாடே பார்த்தது. அந்தப் பிள்ளைகள் கையில் காசு இருந்தது. காசு இருந்தும் வாங்க முடியாதவனிடம் போய் 'வாங்காதே' என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அதற்காகப் பகிஷ்காரமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அரிவாள் கொலைக்கும் போகிறது, கதிர் அறுக்கவும் போகிறது. தூரத்துப் போருக்காகச் சரக்கை மறுப்பதும் இந்த நாட்டுக்குப் புதுசு இல்லை. 1937இல் ஜப்பான் சீனாவுக்குள் படை நடத்தியபோது ஜப்பான் சரக்கை வாங்காதீர்கள் என்று காங்கிரஸ் சொன்னது. தென்னாப்பிரிக்க நிறவெறியோடு 1946இலேயே வியாபாரத்தை முறித்தது இந்தியா. இதெல்லாம் நியாயமான காரியங்கள்தான்.

ஆனால் 1905 வங்காளத்தையும் நாம் மறக்கக் கூடாது. சுதேசி இயக்கம் அன்னியத் துணியைக் கொளுத்தச் சொன்னபோது, விலை கூடின உள்நாட்டுத் துணியை வாங்க வக்கில்லாதவர்கள் நாமசூத்திரர்களும் முஸ்லிம் குடியானவர்களும். சேர மறுத்தவர்கள் மேல் ஜமீன்தாரும் பெரிய சாதிக்காரரும் ஏவிவிட்டது எதை? அதே சமூகப் பகிஷ்காரத்தைத்தான். வெள்ளைக்காரனை எதிர்க்க எடுத்த ஆயுதம் திரும்பிச் சேரியின் மேல் விழுந்தது. தாழ்த்தப்பட்டவர்கள் சுதேசிக்கு வரவில்லை என்று வரலாறு எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்து எழுத வேண்டும்.

கீழேயிருந்து கிளம்பின பகிஷ்காரம் எப்படி இருக்கும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவே சாட்சி. 1959இல் பெத்தல் பகுதிப் பண்ணைகளில் கறுப்பினக் கூலிகளை அடிமைகளைப் போல வைத்து வேலை வாங்குவது அம்பலமானபோது, ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் உருளைக்கிழங்கைத் தொடாதீர்கள் என்றது. உருளைக்கிழங்கு ஏழைகளின் வயிற்றுக்குப் போகிற பண்டம். அதை அவர்களே வேண்டாம் என்று தள்ளினார்கள், கடைகளில் கிழங்கு குவிந்து கிடந்தது. அந்த வருஷமே லண்டனிலும் தென்னாப்பிரிக்கச் சரக்குகளுக்கு எதிரான இயக்கம் தொடங்கியது. அடிபடுகிறவர்கள் முதலில் தாங்கள் செய்து காட்டினார்கள், அப்புறம்தான் உலகத்தைக் கேட்டார்கள்.

கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன் என்ற முறையில் எனக்கு நெருக்கமான இன்னொரு சேதியும் உண்டு. 1984 ஜூலையில் அயர்லாந்தின் டப்ளின் நகரத்து டன்ஸ் கடையில் மேரி மேனிங் என்ற இளம்பெண், தன் சங்கம் சொன்னபடி, தென்னாப்பிரிக்கப் பழங்களுக்கு ரசீது போட மறுத்தார். பம்பளிமாஸ் இனத்துப் பழம், இரண்டே இரண்டு. அவரைத் தற்காலிக நீக்கம் செய்தார்கள். கூட வேலை பார்த்தவர்களும் வெளியே வந்தார்கள், வருஷக்கணக்கில் தெருவில் நின்றார்கள். 1987இல் அயர்லாந்து அரசு தென்னாப்பிரிக்கப் பழங்களுக்கும் காய்கறிகளுக்கும் தடை போட்டது. வாங்குகிறவன் மட்டுமில்லை, விற்கிறவனும் மறுக்கலாம். மேரி மேனிங் சம்பளத்தை வைத்து மறுத்தார். நாம் எதை வைத்து மறுக்கிறோம்?

இனி நம் கடலுக்கு அந்தப் பக்கம் வருவோம். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை செத்திருக்கக் கூடும் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் சொன்னது. அந்த வருஷம் ஜூன் 8ஆம் தேதி, இலங்கை மீது பொருளாதாரத் தடை விதிக்க வேண்டும் என்று தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2013 மார்ச்சில் மாணவர்கள் கட்சிக் கொடி இல்லாமல் தெருவுக்கு வந்தார்கள். நம் பிள்ளைகளும் நின்றார்கள். அந்தக் கோபத்தில் பொய் இல்லை.

கோபம் போய்ச் சேர்ந்த இடத்தைத்தான் பார்க்க வேண்டும். குஜிலியம்பாறைக் கடைத்தெருவில் அப்போது இலங்கைச் சரக்கு என்று என்ன இருந்தது? ஒன்றும் கிடையாது. இந்தியா இலங்கைக்கு விற்பதுதான் அதிகம், அங்கிருந்து வாங்குவது கொஞ்சம். மறுக்கச் சரக்கு கிடைக்காத இடத்தில் ஆளைப் பிடித்தார்கள். 2012 செப்டம்பரில் பூண்டி மாதா கோயிலுக்கு வந்த இலங்கை யாத்ரீகர்களை மறித்தார்கள், அவர்கள் போன பஸ் மேல் கல் விழுந்தது. 2013 மார்ச்சில் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்த புத்த பிக்கு ஒருவரை அடித்தார்கள். இலங்கை ஆட்டக்காரர்கள் சேப்பாக்கத்தில் கிரிக்கெட் ஆடக் கூடாது என்று ஆயிற்று. கொன்ற அரசுக்கு இதில் என்ன நட்டம்? நம் அரசு அந்த அரசோடு வைத்திருந்த வியாபார ஒப்பந்தம் 2000 முதல் நடப்பில் இருந்தது, அது அப்படியே இருந்தது.

பிக்குவை அடித்த சேதி வந்தபோது பண்டிதர் அயோத்திதாசர் நினைவுக்கு வந்தார். 1898இல் அவர் கர்னல் ஆல்காட்டுடன் கப்பலேறிக் கொழும்புக்குத்தான் போனார். அங்கே ஒரு சிங்களப் பெரியவரிடம், சுமங்கல நாயக்க தேரரிடம், பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி வந்து சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் வைத்தார். தமிழ்ச் சேரிகளுக்குப் பௌத்தம் மறுபடி வந்து சேர்ந்த வழி அது. சிங்களப் பேரினவாத அரசும் அதற்குக் கொடி பிடிக்கும் பிக்குகளும் வேறு, காவி கட்டிய ஒவ்வொரு ஆளும் வேறு. இந்த வித்தியாசம் தெரியாதவன் கையில் பகிஷ்காரம் போனால் அது ஊர்க் கட்டுப்பாடாகத்தான் முடியும். ஒருத்தன் செய்த காரியத்துக்காகத் தெருவையே தள்ளி வைக்கிற அதே புத்திதான் இதிலும் வேலை செய்கிறது.

வெளிநாட்டுத் தமிழர்கள் வைத்த கோரிக்கைகள் இன்னும் நேரானவை. இலங்கையில் தைத்த துணியை வாங்காதீர்கள் என்று அமெரிக்காவில் கடை வாசலில் நின்றார்கள். சிலோன் தேயிலையும் வேண்டாம் என்றார்கள். அரசின் வருமானத்தில் கை வைப்பது என்ற கணக்கில் இது சரி. ஆனால் சிலோன் தேயிலையைக் கிள்ளுகிற கை யாருடையது? திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, சேலம் பக்கத்திலிருந்து கங்காணிகள் கூட்டிக்கொண்டு போன ஜனங்களின் பேத்திகளுடைய கை. அதில் பெரும்பகுதி நம் ஜனங்கள். 1948இல் இலங்கை அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு அவர்களைத் தலை எண்ணிப் பங்கு பிரித்தார்கள். அந்தத் தேயிலையைத் தள்ளுவதற்கு முன்னால் லயத்துக்குப் போய் அவர்களை ஒரு வார்த்தை கேட்டது யார்?

துணியும் அப்படித்தான். மனித உரிமைக் காரணத்துக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஆகஸ்டில் இலங்கைக்குக் கொடுத்திருந்த வரிச் சலுகையை நிறுத்தி, 2017 மேயில் திருப்பிக் கொடுத்தது. அதற்கு நடுவில் கிளிநொச்சியிலும் தையல் ஆலைகள் வந்தன. போரில் புருஷனைப் பறிகொடுத்த பெண்களும் அங்கே மிஷின் மிதித்தார்கள். நமக்கும் அந்த மிஷினுக்கும் சம்பந்தம் இல்லாமல் இல்லை. இந்தியாவிலிருந்து இலங்கைக்குப் போகிற சரக்கில் நூலும் துணியும் உண்டு. விடிகாலையில் குஜிலியம்பாறை, வேடசந்தூர் ரோட்டில் மில் வண்டி ஏறுகிற நம் பெண்கள் அந்த நூலைத்தான் நூற்கிறார்கள். பணம் எடுக்க வந்த ஒரு தங்கச்சி ஒருநாள் கேட்டது: 'அண்ணே, நாங்க ஓட்டுற நூலு எந்த ஊருக்குண்ணே போகுது?' நியாயமான கேள்வி. பகிஷ்காரம் அறிவிக்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

'பொருளாதாரத் தடை' என்ற சொல்லுக்கும் ஈழத்தில் ஒரு வரலாறு இருக்கிறது. 1990இலிருந்து வடக்கின் மேல் இலங்கை அரசு போட்டிருந்ததும் பொருளாதாரத் தடைதான். பெட்ரோல், பேட்டரி, உரம், சிமென்ட் என்று பெரிய பட்டியல். ஒரு அரசு ஒரு மக்கள் கூட்டத்தின் மேல் போட்ட ஊர்க் கட்டுப்பாடு அது. காசாவைச் சுற்றி இஸ்ரேல் 2007இலிருந்து போட்டிருப்பதும் அதே ஜாதியைச் சேர்ந்தது. அரசு மேலேயிருந்து போடுகிற தடைக்கும், ஜனங்கள் கீழேயிருந்து எடுக்கிற மறுப்புக்கும் ஒரே பேர் வைத்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. முந்தையது பட்டினி போடும். பிந்தையது கேள்வி கேட்கும்.

கேள்வி கேட்கிற பகிஷ்காரம் எப்படி இருக்கும் என்பதை நம் மாவட்டத்துப் பெண்களே காட்டியிருக்கிறார்கள். 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குத் துணி தைக்கிற ஆலை ஒன்றில் வேலை பார்த்த தலித் பெண் கொல்லப்பட்டார். மேற்பார்வையாளர் மேல் கொலை வழக்கு. தலித் பெண்கள் முன்நிற்கிற தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் இதைக் கையில் எடுத்தது. துணி வாங்கும் கம்பெனியைப் பார்த்து அது 'ஆர்டரை வெட்டிட்டு ஓடிப்போ' என்று சொல்லவில்லை. 'நின்னு பதில் சொல்லு, கையெழுத்துப் போடு' என்றது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. ஆலைக்காரரும் எச் அண்ட் எம் கம்பெனியும் கையெழுத்திட்டார்கள், கேப் முதலான கம்பெனிகளும் சேர்ந்தன. ஆலைக்குள் பாலியல் தொல்லையையும் சாதிக் கொடுமையையும் கண்காணிக்கத் தொழிலாளிப் பெண்களே பொறுப்பேற்றார்கள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் பாடம். 2022 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்புக் குற்றச்சாட்டைக் காட்டி, அதே ஆலையின் துணிக்குத் தடை போட்டது. நல்ல எண்ணத்தில் தூரத்திலிருந்து எய்த அம்பு, நிலைமையை மாற்றிக் கொண்டிருந்த பெண்களின் கூலியின் மேல் வந்து விழப் பார்த்தது. ஒப்பந்தம் நடப்பில் இருப்பதைச் சங்கமும் அதன் கூட்டாளிகளும் எடுத்துக் காட்டினார்கள். செப்டம்பரில் தடை தளர்ந்தது. கடல் தாண்டி ஒருவன் நமக்காகச் சரக்கை மறுக்கும்போது, நம்மைக் கேட்டுச் செய் என்று நாம் சொல்கிறோம். அப்படியானால் கடல் தாண்டி இருப்பவர்களுக்காக நாம் மறுக்கும்போதும் அவர்களைக் கேட்டுத்தானே செய்ய வேண்டும்?

காசா விஷயத்தில் கேட்கத் தேவையில்லை, அவர்களே சொல்லிவிட்டார்கள். 2005 ஜூலை 9ஆம் தேதி 170க்கும் மேற்பட்ட பாலஸ்தீன அமைப்புகள் சேர்ந்து இந்த அழைப்பை விடுத்தன. ஆக்கிரமிப்பு முடிய வேண்டும், இஸ்ரேலுக்குள் இருக்கும் அராபியருக்குச் சம உரிமை வேண்டும், விரட்டப்பட்டவர்கள் திரும்பி வர வேண்டும் என்று மூன்று கோரிக்கைகள் அதில் உண்டு. கோரிக்கை இருப்பதால் முடிவும் உண்டு. கண்ட கம்பெனிப் பேரையெல்லாம் சேர்க்காமல், குற்றத்தில் நேரடிப் பங்குள்ள சிலவற்றைக் குறிவைத்து அடியுங்கள் என்றும் அவர்கள் சொல்கிறார்கள். கைபேசியில் சுற்றுகிற முழ நீளப் பட்டியல்கள் அவர்கள் கேட்டவை அல்ல.

அடி விழுந்தால் வலிக்கும் என்பதும் தெரிந்துவிட்டது. 2023 அக்டோபரில் இஸ்ரேலிய மெக்டொனால்ட்ஸ் கடைகளை நடத்தியவர் ராணுவத்துக்கு இலவசச் சாப்பாடு கொடுத்தார். பல நாடுகளில் ஜனங்கள் அந்தக் கடைப் படியை மிதிக்க மறுத்தார்கள். வியாபாரம் அடிபட்டதைத் தாய்க் கம்பெனியே ஒத்துக்கொண்டது. 2024 ஏப்ரலில் இஸ்ரேலில் இருந்த 225 கடைகளையும் தானே திரும்ப வாங்கிக்கொள்வதாக அறிவித்தது.

எல்லாம் சரி. குஜிலியம்பாறையில் இல்லாத கடையை நாம் எப்படிப் பகிஷ்கரிப்பது? சாப்பிட்டே பார்க்காததை விட்டுவிட்டேன் என்று சொல்வது போராட்டம் ஆகாது. நம்மிடம் விற்கவோ மறுக்கவோ இருக்கிற பெரிய சரக்கு உழைப்பு ஒன்றுதான். 2024 தொடக்கத்தில் ஹரியானாவிலும் உத்தரப் பிரதேசத்திலும் இஸ்ரேலில் கட்டட வேலைக்கு ஆள் எடுத்தார்கள். அனுமதி மறுத்து வெளியே நிறுத்தப்பட்ட பாலஸ்தீனத் தொழிலாளியின் இடத்துக்கு. கேப்டன் பாய்காட் வெளியூர் ஆள் கொண்டுவந்த கதைதான், நம் காட்டில் கூலி கேட்டு வேலையை நிறுத்தினால் பக்கத்து மாவட்டத்திலிருந்து லாரியில் ஆள் இறக்குகிற கதைதான். போகிற ஏழையை வைது பிரயோஜனம் இல்லை. அனுப்புகிற அரசைக் கேட்க வேண்டும்.

'நம்ம பிரச்சினைய மொதல்ல பாப்போம்' என்கிற தோழர்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணீரை நிறுத்துவது, மாவை நிறுத்துவது, மருந்தை நிறுத்துவது என்றால் என்ன என்று பாடம் படிக்காமலே தெரிந்தவர்கள் நாம். காசா சுகாதார அமைச்சகத்தின் கணக்கில் 60,000 பேருக்கு மேல் செத்திருக்கிறார்கள். அதில் பட்டினிச் சாவும் உண்டு. அதைப் பார்த்து முதலில் பதற வேண்டியவர்கள் நாம்தான்.

பட்டியல் கேட்ட நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. தூரத்துப் போரைக் கண்டிப்பதற்கு ஊரில் யாரும் நம்மை அடிக்க மாட்டார்கள். பக்கத்துப் போரைக் கண்டித்தால் அடிப்பார்கள். எனவே தூரத்துக் கோபம் சுலபமாக வரும். நண்பர்களில் பலர் சாதி இந்துக் குடும்பங்களில் பிறந்தவர்கள், நல்ல தோழர்கள். அவர்கள் ஊர் டீக்கடையில் அவர்களுக்குக் கண்ணாடி டம்ளரும் நம் ஆட்களுக்குக் காகிதக் கப்பும் கொடுக்கிறார்கள் என்றால், அந்தக் கடை டீ அவர்கள் தொண்டையில் எப்படி இறங்குகிறது?

ஆகவே இதழின் முடிவு இது. பட்டியலை அச்சிடுவோம். பாலஸ்தீனர்கள் தாங்களே குறிப்பிட்ட கம்பெனிகள் மட்டும்தான் அதில் இருக்கும். பக்கத்திலேயே இரண்டாவது பட்டியல் ஒன்றும் வரும். திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் ஆளுக்கொரு விதமாக டம்ளர் வைத்திருக்கிற டீக்கடைகள், நம் தலையில் கத்திரி வைக்க மறுக்கிற முடிதிருத்தகங்கள், துணி தேய்க்க மறுக்கிற இடங்கள் அதில் இருக்கும். இரண்டு பட்டியலுக்கும் சேர்த்துத்தான் கையெழுத்து. ஒன்றுக்கு மட்டும் கையெழுத்து வாங்குவதில்லை. கடைக்காரர் டம்ளரை மாற்றினால் அடுத்த இதழிலேயே பேரை எடுத்துவிடுவோம், அதையும் அச்சிடுவோம். ஆளைத் தள்ளி வைப்பது நம் வேலையில்லை.

உங்கள் ஊர்க் கடை பற்றி எழுதும்போது ஊர், தெரு, நீங்கள் நேரில் பார்த்தது, கூட இருந்து பார்த்த இன்னும் இரண்டு பேரின் கையெழுத்து, எல்லாம் சேர்த்து அனுப்புங்கள். நேரில் வந்து பார்த்த பிறகே அச்சுக்குப் போகும். எழுதுகிறவர் பேர் வெளியே வராது.